கடல் தண்ணீரும் உருளைக்கிழங்கும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டில் ஒருவர் மடியில் கேன் நிறையக் கடல் தண்ணீர் வைத்திருந்தார். அவருடைய மச்சான் கையிலிருந்த கவரில் ஒரு குட்டிக் கடல்மீன் நீந்தியது.

"போன மீனு உருளைக்கிழங்காலயா செத்துச்சி, மாமா?"

"மீன் வளக்குறதுக்குன்னு கடையில விக்கிற உப்பு வெல ஜாஸ்தின்னு தொட்டியில கல்லுப்பு கரைச்சேன்டா. உங்க அக்கா நாக்குல வச்சிப் பாத்துட்டு, உப்பு கரிக்குதேன்னு கொழம்புக்குப் போடுற மாதிரி கெழங்க வெட்டிப் போட்டுட்டா."

"இதாவது பொழைக்குமா?"

"அசல் கடல் தண்ணிடா. பொழைக்காம?"

போன் அடித்தது. பேசி முடித்தவர் முகம் தொங்கிவிட்டது.

"அக்கா என்னா சொல்லுது?"

"வரும்போது கெழங்கு வாங்கியாரச் சொல்றா. மீனு உன் வீட்டுலயே இருக்கட்டும், மச்சான்."