அறிவுரைக்கு ஒரு டிங்

கோல்பி: ...அதனாலதான் சொல்றேன் ரெனாட்டா. மனுஷ குலத்துல தீராத கஷ்டம்னு ஒண்ணு கிடையாது. இன்னும் என்கிட்ட வந்து சேராத கஷ்டம்தான் உண்டு.

ரெனாட்டா: சரி.

கோல்பி: சிரிக்காதே. சீரியஸா சொல்றேன். யாரை வேணா கொண்டா, நாலே நிமிஷம். கை குலுக்கிட்டு எழுந்து போவாங்க.

ரெனாட்டா: போன கவுன்சலிங் டெஸ்ட்ல அந்த விதவையம்மா குலுக்கினாங்களா?

கோல்பி: அது நிஜ விதவை இல்ல. நம்ம கிளாஸ் டெரெல். விக் வச்சுக்கிட்டு வந்தான்.

ரெனாட்டா: டெரெலே ஆனாலும் புருஷன் செத்த துக்கத்துல உட்கார்ந்திருந்தான். நீ என்ன சொன்னே?

கோல்பி: நாய் வளர்க்கச் சொன்னேன்.

ரெனாட்டா: எத்தனாவது வாக்கியத்துல?

கோல்பி: ...ரெண்டாவது. முதல் வாக்கியம் 'உட்காருங்க'.

ரெனாட்டா: அதுக்கு முந்தின தடவை வேலை போன ஆளு?

கோல்பி: மீசையை எடுக்கச் சொன்னேன். அது நல்ல யோசனை. இப்பவும் சொல்வேன்.

ரெனாட்டா: ரெண்டு தடவை ஃபெயில். இன்னிக்கு ரெண்டு மணிக்கு மூணாவது. இதுவும் போச்சுன்னா?

கோல்பி: தெரியும்.

ரெனாட்டா: வாயைத் திறந்து சொல்லு. அப்பதான் பயம் வரும்.

கோல்பி: களப்பயிற்சிக்கு அனுப்ப மாட்டாங்க. திங்கட்கிழமை நீங்கள்லாம் காப்பகம், ஆஸ்பத்திரின்னு போவீங்க. நான் ஒரு வருஷம் எங்கப்பாவோட டயர் கடையில. சட்டையில என் பேரைத் தச்சு ஆணியில மாட்டியே வச்சுட்டார். 'ஊரான் புலம்பறதைக் கேட்க எதுக்குடா காலேஜு? டயர் மாத்தும்போதே கேட்கலாமே'ங்கறார்.

ரெனாட்டா: பாவம், மனுஷன் சரியாத்தான் சொல்றார். சரி, ஒழுங்கா உட்காரு. ஒத்திகை பார்க்க லைப்ரரிக்காரங்க இந்தக் கண்ணாடி ரூமைக் கொடுத்ததே பெரிசு. நான் பெர்னிஸ். ஐம்பது வயசு. பேக்கரியில இருந்தவ. பாரு, ஸ்டிக்கர்ல பேர் எழுதி ஒட்டிக்கிட்டேன். இது ஒட்டியிருக்கிற வரைக்கும் நான் ரெனாட்டா இல்ல.

கோல்பி: கற்பனை ஆளு, கற்பனைக் கஷ்டம். சொந்தக் கதை கூடாது. எல்லாம் தெரியும். அந்த டிஷ்யூ டப்பாவை ஏன் நடுவுல நகர்த்தறே?

ரெனாட்டா: என் கைக்கு எட்டணும். ஆனா நீ எடுத்து நீட்டக் கூடாது. நீட்டினா 'அழுதது போதும், நிறுத்து'ன்னு அர்த்தம். ப்ரோகாப் மேடம் கிளாஸ்ல நூறு தடவை சொன்னாங்களே.

கோல்பி: நான் அப்ப தூங்கிட்டிருந்தேன்.

ரெனாட்டா: அறிவுரை சொன்னா மணி அடிப்பேன். மேஜை மணியை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. அதனால வாயாலயே. டிங்.

கோல்பி: பின்னே நான் என்னதான் பண்றது?

ரெனாட்டா: கேளு. அவங்க சொன்னதையே திருப்பிச் சொல்லு. நடுநடுவுல 'ம்ம்' சொல்லு. இல்லேன்னா சும்மா இரு.

கோல்பி: இதுதான் எனக்குப் பிடிக்கல. வீடு எரியுதுன்னு ஒருத்தன் ஓடி வர்றான். 'அப்ப வீடு எரியற மாதிரி இருக்கு உங்களுக்கு... ம்ம்...' தண்ணி மட்டும் ஊத்தக் கூடாது! எங்கப்பா வண்டியில முன்னாடி ஒரு பொம்மை இருக்கு. பிரேக் போட்டா தலையாட்டும். அதுக்கும் ஒரு பட்டம் கொடுத்துடலாம். என் உயிரே போனாலும் நான் அந்த 'ம்ம்' மட்டும் சொல்ல மாட்டேன்.

ரெனாட்டா: பார்க்கலாம். ஆரம்பி.

கோல்பி: வாங்க பெர்னிஸ். உட்காருங்க.

ரெனாட்டா: வணக்கங்க. எனக்கு... ஒரு வேலை கிடைச்சிருக்கு.

கோல்பி: அடடே! கேக் வெட்டிக் கொண்டாடுங்க.

ரெனாட்டா: டிங்.

கோல்பி: கேக் அறிவுரையா?

ரெனாட்டா: டிங் டிங்.

கோல்பி: ...சரி. வேலை கிடைச்சிருக்கு.

ரெனாட்டா: ஆனா போகப் பிடிக்கல.

கோல்பி: அப்ப போகாதீங்க.

ரெனாட்டா: டிங்.

கோல்பி: போங்க?

ரெனாட்டா: டிங். என்ன வேலைன்னு கேளுடா முதல்ல.

கோல்பி: என்ன வேலைங்க?

ரெனாட்டா: ஆத்தோரத்துல ஒரு காப்பகம். வீடில்லாத குடும்பங்க ராத்திரி தங்கற இடம். வாசல்ல மேஜை. வர்றவங்க பேரை வாங்கி, போர்வையைக் கொடுத்து உள்ளே அனுப்பணும்.

கோல்பி: போர்வை கொடுக்கறதுல என்னங்க...

ரெனாட்டா: டிங்.

கோல்பி: நான் இன்னும் முடிக்கவே இல்ல!

ரெனாட்டா: வர்ற தோரணையிலயே தெரிஞ்சுது.

கோல்பி: ...போர்வை கொடுக்கணும். மேல சொல்லுங்க.

ரெனாட்டா: போன வாரம் இடத்தைச் சுத்திக் காட்டக் கூப்பிட்டாங்க. கதவைத் திறந்ததும் அந்த வாசனை... பிளீச்சிங் தண்ணியும் டின் சூப்பும். கால் அங்கேயே நின்னுடுச்சு.

கோல்பி: மூக்குல கொஞ்சம் தைலம்...

ரெனாட்டா: டிங்.

கோல்பி: மன்னிக்கணும்.

ரெனாட்டா: சுவரோரமா போர்வை அடுக்கி வச்சிருந்தாங்க. பச்சை. ஓரத்துல கறுப்புத் தையல். இன்னும் அதே போர்வைதான்.

கோல்பி: இன்னும்னா? முன்னாடி பார்த்திருக்கீங்களா?

ரெனாட்டா: அதுல படுத்திருக்கேன். எங்கம்மாவும் நானும். மூணாங்கிளாஸ் படிக்கறப்போ. ஒரு குளிர்காலம் முழுக்க.

கோல்பி: ஐம்பது வயசுன்னீங்களே... அந்தக் காப்பகத்தைத் திறந்தது நாம சின்னப் பசங்களா இருக்கறப்போதானே. ரெனாட்டா, உன் ஸ்டிக்கர் கழண்டு கீழ விழுந்துடுச்சு.

ரெனாட்டா: தெரியும்.

கோல்பி: எடுத்து ஒட்டவா?

ரெனாட்டா: வேண்டாம்.

கோல்பி: ...

ரெனாட்டா: என்ன, ஊமையாயிட்டே? ஏதாவது சொல்லு, டிங் போடறேன். வேற இடம் மாத்திக் கேளுன்னு சொல்லு. நாய் வளர்க்கச் சொல்லு.

கோல்பி: ...ம்ம்.

ரெனாட்டா: இப்ப என்ன சொன்னே?

கோல்பி: ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு.

ரெனாட்டா: அப்ப அந்த வாசல் மேஜையில ஒருத்தி இருந்தா. எங்கம்மாவை அவ நிமிர்ந்தே பார்க்கல கோல்பி. 'பேர்? எத்தனை பேர்?' அவ்வளவுதான். போர்வையை இப்படித் தள்ளினா. எங்கம்மா அவளுக்கு மூணு தடவை நன்றி சொன்னா. என்னையும் சொல்லச் சொன்னா. நான் சொல்லல.

கோல்பி: நீ சொல்லல.

ரெனாட்டா: அந்தப் பக்கம் நின்னது நான். திங்கட்கிழமை களப்பயிற்சின்னு இந்தப் பக்கம் உட்காரணும். எவளோ ஒரு சின்னப் பொண்ணு அம்மா சட்டையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிப்பா. அப்ப நான்... உன் ஃபோன் துடிக்குது பாரு.

கோல்பி: துடிக்கட்டும்.

ரெனாட்டா: யாரு?

கோல்பி: யாருமில்ல. அலாரம். வைட்டமின் மாத்திரை.

ரெனாட்டா: நீயா? வைட்டமினா? டோனட்டைத் தவிர வேற எதுவும் தின்னு பார்த்ததில்லையே.

கோல்பி: ஃபோனைக் கவுத்து வச்சுட்டேன், போதுமா? சின்னப் பொண்ணு வந்து நிப்பா. அப்ப?

ரெனாட்டா: அப்ப என்னால நிமிர முடியலேன்னா? எதிர்ல எங்கம்மா முகம் தெரிஞ்சுடுமோன்னு நானும் போர்வையைத் தள்ளிட்டுக் குனிஞ்சுக்கிட்டா?

கோல்பி: ...நீயும் அவளை மாதிரி ஆயிடுவியோன்னு பயம்.

ரெனாட்டா: ஆமா.

கோல்பி: ...

ரெனாட்டா: நீ டிஷ்யூ எடுத்து நீட்டுவேன்னு பார்த்தேன்.

கோல்பி: உன் கைக்கு எட்டுது.

ரெனாட்டா: தூங்கிட்டிருந்தேன்னு நீ சொன்னதெல்லாம் புளுகு. இன்னிக்கு சாயங்காலம் ப்ரோகாப் மேடத்தைப் பார்த்து படிப்பை விடறேன்னு சொல்லப் போறேன். வீட்டுலகூட யாருக்கும் தெரியாது... உதட்டைக் கடிக்காதே, ரத்தம் வந்துடும். விடாதேன்னு சொல்லத் துடிக்கறே, இல்ல?

கோல்பி: ரொம்ப.

ரெனாட்டா: சொல்லித் தொலை.

கோல்பி: மாட்டேன்.

ரெனாட்டா: ...விடறதுக்கும் மனசு வரலைடா. அதுதான் கஷ்டம். அன்னிக்கு ராத்திரி போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு எங்கம்மா என்கிட்ட ஒண்ணு கேட்டா. இதுவரைக்கும் நான் யார்கிட்டயும்... இரு. அதோ போறது டெரெல்தானே?

கோல்பி: எங்க?

ரெனாட்டா: கண்ணாடிக்கு வெளிய! விக்கைக் கையில சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு வண்டி நிறுத்தற பக்கம் போறான் பாரு. இன்னிக்கும் உன் டெஸ்ட்டுக்கு அவன்தானே விதவை? டெஸ்ட் முடியாம எப்படிடா வீட்டுக்குப்... மணி என்ன? ஐயோ கோல்பி! ரெண்டு மணி எப்பவோ போயிருக்கு! அந்த அலாரம்...

கோல்பி: ம்ம்.

ரெனாட்டா: அடப்பாவி! தெரிஞ்சேதான் உட்கார்ந்திருந்தியா? ஒரு வருஷம்டா! அந்த டயர்க் கடைச் சட்டைடா! எழுந்து ஓடு, மேடம் கால்ல விழு... நடுவுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?

கோல்பி: நீ இன்னும் முடிக்கலையே... போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு, உங்கம்மா என்ன கேட்டாங்க?