நூறைத் தாண்டினால் கத்தி இல்லை

இல்ல தம்பி, சத்தம் போட்டுப் பிரயோஜனம் இல்ல. உள்ள பெரிய டாக்டர் மீட்டிங் நடக்குது. அந்தக் கதவு தொறக்கிறப்பதான் தொறக்கும். உக்காருங்க. இந்தப் பக்கமா உக்காருங்க, அந்தப் பக்கம் பெஞ்சுக் கால் ஆடுது. உங்களைப் பாத்துச் சொல்லல. யார் உக்காந்தாலும் ஆடும்.

முட்டியா? ரெண்டுமா. ம். எடை கூடன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அதானே. எப்படித் தெரியும்னா, அந்த மஞ்சச் சீட்டைத் தெருக்கோடியில பாத்தாக்கூட எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் கிழிச்சுக் கொடுத்தவன் நான். அந்தக் கடைசி ரூம்ல எடை பாக்குறவன். பாத்தவன். போன மாசத்தோட ரிட்டயர்டு. இங்க எனக்குப் பேரே தராசு. மூஞ்சிக்கு முன்னாடி சொன்னா மரியாதை, முதுகுக்குப் பின்னாடி சொன்னா திட்டு.

உங்களுக்கு என்னைத் தெரியுதா? தெரியாம என்ன. எனக்குத்தான் உங்களைத் தெரியல. நான் மெஷின் தண்டைப் பாப்பேன், ஆளைப் பாக்க மாட்டேன். ஆளைப் பாத்தா இரக்கம் வந்துடும். இரக்கப்பட்டு எழுதினா அது எடையா?

திரும்ப ஏறி நிக்க மாட்டேன், நேரா பெரிய டாக்டர்கிட்டயே நியாயம் கேக்கப் போறேன்னா, கேளுங்க. நான் தடுக்கல. ஆனா சட்டத்துல தப்பு இல்ல. இது இலவச ஆஸ்பத்திரி. அந்த உலோக முட்டிக்கு நீங்க ஒரு பைசா தர வேண்டாம். யாரோ தர்றான். காலையில அரக்கப் பரக்க வேலைக்கு ஓடுறான் பாருங்க, அவன். இவரு வாயைக் கட்ட மாட்டாரு, நான் முட்டி வாங்கித் தரணுமான்னு அவன் கேக்க மாட்டானா? அதான் நூறு கிலோவுல ஒரு கோடு போட்டாங்க. தாண்டினா கத்தி இல்ல. குறைச்சுட்டு மூணு மாசம் கழிச்சு வா. மயக்க மருந்துக்கும் ஆபத்துன்னு டாக்டருங்க சொல்றாங்க. அதுவும் பொய் இல்ல. எனக்கு எல்லாம் மனப்பாடம்.

நடக்கவே முடியாதவன் எப்படிக் குறைக்கிறதுன்னா? எல்லாரும் கேட்டதுதான். வாயைக் கட்டுங்கன்னு சொல்லிடுவேன். நான் அம்பத்தெட்டு கிலோ. கல்யாணத்தப்பவும் அம்பத்தெட்டு. அதுக்கு நீ என்ன பண்ணேன்னு கேட்டா, ஒண்ணும் பண்ணல. எங்கப்பா ஒல்லி. ஆனா பேரு எனக்கு. எவ்வளவு கட்டுப்பாடான மனுஷன் பாருன்னு.

பெரிய டாக்டரா? நூத்திப் பன்னெண்டு. ஒரு நாள் சாயங்காலம் ஆள் இல்லாத நேரமாப் பாத்து வந்து ஏறினாரு. எழுதாதேன்னாரு. எழுதல. அவருக்குத்தான் முட்டி வலி இல்லையே.

கீழ வாசல்ல எண்ணெய்ப் பலகாரமும் கலர் தண்ணியும் விக்கிறாங்க, பாத்தீங்களா. ஆஸ்பத்திரியே குத்தகைக்கு விட்ட கடை. அவங்க கீழ வித்தாங்க, நான் மேல நிறுத்தேன். ஒருத்தர் தொழில்ல ஒருத்தர் தலையிட்டதில்ல.

ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. பெல்ட்டு, வாட்ச்சு, கண்ணாடின்னு ஒவ்வொண்ணாக் கழட்டுவாங்க. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பல்செட்டைக் கழட்டி என் கையில கொடுத்துட்டு ஏறினாரு. அப்படியும் நூத்தி ஒண்ணு. பல்லையும் கொடுத்தேன், சீட்டையும் கொடுத்தேன். ஒரு அம்மா, வருஷக்கணக்கா வளத்த முடியை ஒட்ட வெட்டிட்டு வந்து நின்னாங்க. முடியில என்ன பெருசாக் குறைஞ்சிடப் போகுது. சொல்லுங்க.

நானா? நான் என் தங்கச்சிக்காக வந்திருக்கேன். அவளுக்கும் முட்டிதான். இன்னிக்குக் கையெழுத்து ஆனா அடுத்த வாரம் ஆபரேஷன். ஆகலைன்னா, அவ மாடியிலேயே கெடக்க வேண்டியதுதான். துணி தைக்கிற கம்பெனியில முப்பது வருஷம். அதே ஸ்டூலு, அதே மெஷினு. குடியிருக்கிறது மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. புருஷன் போய்ச் சேந்தாச்சு, மக வெளியூர். அவ தானாப் படியிறங்கித் தரையில கால் வெச்சு ஒம்பது மாசம் ஆகுது. எதிர் வீட்டுக்காரங்க கடைக்குப் போய்ட்டு வந்து, கயித்துல பையைக் கட்டி மேல இழுக்கச் சொல்றாங்க.

சிபாரிசா? தம்பி, அவளைத் திருப்பி அனுப்பினதே நான்தான். முதல் தடவை நூத்தி ஒண்ணு புள்ளி நாலு. எழுதினேன், கிழிச்சேன், கொடுத்தேன். மூணு மாசம் கழிச்சு சரியா நூத்தி ஒண்ணு. அடுத்த மூணு மாசம் கழிச்சு நூறு புள்ளி எட்டு. அன்னிக்கு ரெண்டு பேரு நாற்காலியோட தூக்கி அவளைப் படியிறக்கிக் கொண்டாந்தாங்க. எண்ணூறு கிராம்தானே, கூடப்பொறந்தவன் கண்ணை மூடிக்குவான்னு நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நான் மூடல. எழுதினேன். தட்டை விட்டு இறங்காமலே கேட்டா, அண்ணே, நான் திங்கலண்ணே, நீயாவது நம்பேன்னு.

என்ன சொல்லியிருப்பேன்? மெஷின் பொய் சொல்லாதும்மான்னேன். அதுக்கப்புறம் அவ எங்கூடப் பேச்சு இல்ல.

உக்காருங்க, உக்காருங்க. கதவு தொறந்தது டீ உள்ள போறதுக்கு.

மெஷின் பொய் சொல்லவும் இல்ல, அதையும் சொல்லிடுறேன். வருஷா வருஷம் முத்திரை போடுறவன் வருவான். தட்டுல எடைக்கல்லை ஏத்துவான், பாப்பான், சீல் வெப்பான், போவான். ஒரு கிராம் பிசகினதில்ல. நான் பாத்துக்கிட்ட லட்சணம் அப்படி. பதினோரு வருஷம் முன்னாடி ஒரு பெரியம்மா அந்த இரும்புத் தட்டுல வழுக்கி விழப் பாத்தாங்க. ஆபீசுக்கு எழுதினேன், பதில் இல்ல. நானே டயர் கடைக்குப் போயி, நல்ல கெட்டி ரப்பராப் பாத்து, தட்டு அளவுக்கு வெட்டிக் கொண்டாந்து போட்டேன். அப்புறம் ஒருத்தர் வழுக்கல. தினம் காலையில ரப்பரை எடுத்து ஓரமா வெச்சுட்டு, தட்டை ஈரத்துணியால துடைச்சு, தண்டு சைபர்ல நேரா நிக்குதான்னு பாப்பேன். நிக்கும். உடனே தண்டுல நகர்ற குண்டை நூறுல தள்ளி வெச்சுடுவேன். வர்றவங்க எல்லாம் அங்கதானே வந்து நிக்கப் போறாங்க. அதுக்கப்புறம் ரப்பரைப் போடுவேன். முத்திரைக்காரன் வர்ற அன்னிக்கும் ரப்பரை எடுத்துட்டுத் தட்டைப் பளபளன்னு வெப்பேன். ஒரு மரியாதைக்கு.

ஆமா. சீக்கிரம் புடிச்சுட்டீங்க. எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. அதுவும் நானாப் புடிக்கல. என் இடத்துக்கு வந்த பொண்ணு, சாவி வாங்கின அன்னிக்கு, ரப்பரைப் போட்டுட்டு அப்புறமா சைபர் பாக்கப் போனா. தண்டு எம்பி நின்னுச்சு. என்னங்க ஐயா இதுன்னா. குண்டை நகத்தினோம். ரப்பர் மட்டும் ரெண்டு கிலோ நூறு கிராம்.

என் தங்கச்சி முதல் தடவை வந்தப்பவே தொண்ணூத்தி ஒம்பது புள்ளி மூணுதான்.

கை ஓங்குறதா இருந்தா ஓங்குங்க. இல்லைன்னா மிச்சத்தையும் கேளுங்க. பழைய ரிஜிஸ்தரை எடுத்து, நூறுக்கும் நூத்தி ரெண்டு சொச்சத்துக்கும் நடுவுல மாட்டினவங்க பேரை எல்லாம் எழுதினேன். நூத்திப் பதினாலு பேரு. இதோ, மடிச்சு வெச்சிருக்கேனே, இதுதான். நேத்து ஆபீஸ் கிளார்க்குகிட்ட நீட்டினேன். எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்திட்டு வந்தாரு. ரப்பரை எடுத்தாச்சுல்ல, அத்தோட விடுங்க, பெரியவரே. பேப்பர்காரன் காதுக்குப் போனா எல்லார் வேலைக்கும் உலை. உங்க தங்கச்சி சீட்டை நாளைக்குக் கொண்டாங்க, எடையைப் பாக்காம பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டுடுவாரு. இந்தப் பட்டியலை வீட்டுலயே வெச்சுட்டு வாங்க. அப்படின்னாரு. கெட்டவரு இல்ல. டீ வாங்கிக் கொடுத்தாரு.

ரெண்டையும் கேக்க வேண்டியதுதானேங்கறீங்களா. அங்கதான் இடிக்குது. ஒம்பது மாசமா உக்காந்த இடத்துலயே இருக்கா. போன வாரம் ஒரு எடை மெஷின் இரவல் வாங்கி மாடியேத்திக் கொண்டு போனேன். எதுக்குன்னு அவ கேக்கல, பேசாம ஏறினா. நூத்தி எட்டு. ரப்பர் இல்லாம. பட்டியலைக் கொடுத்தா விசாரணை வரும், எல்லாரையும் புதுசா நிறுப்பாங்க. அவளையும்தான். நூத்தி எட்டுக்கு என்ன சீட்டுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? கொடுக்கலைன்னா அடுத்த வாரம் அவளுக்கு முட்டி.

இங்க வந்து உக்காந்து ஒரு மணி நேரமா இதைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். நீங்க வந்து சத்தம் போட ஆரம்பிச்சீங்க.

உங்க சீட்டைக் கொடுங்க. கொடுங்கன்னேன்ல. ம். நூத்தி ஒண்ணு புள்ளி ரெண்டு. என் கையெழுத்துதான். கழிச்சுக்குங்க. இந்தப் பட்டியல்ல கடைசியிலேருந்து மூணாவது பேரு, பாருங்க, உங்களோடதுதானே?

கோவத்தை அப்புறம் வெச்சுக்குங்க. இப்ப நிஜமாவே தொறந்துட்டாங்க. தோளைப் புடிச்சுக்கிட்டு எந்திரிங்க, தாங்குவேன். இந்தாங்க, பட்டியலை நீங்களே வெச்சுக்குங்க. நான் முதல்ல போனா தங்கச்சி சீட்டைத்தான் நீட்டுவேன். அதை நீட்டிட்டா இதை எடுக்க எனக்குக் கை வராது. நடங்க, நீங்க முன்னாடி நடங்க.