வாழைப்பழமும் அஞ்சு ஸ்டாரும்

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் வரும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். கம்பெனிச் சீருடையில் இருந்த இளையவள் திடீரென்று சொன்னாள்:

“நான் அஞ்சு ஸ்டார் குடுத்த புத்தகம் எம்பொண்ணைக் கொன்னிருக்கும்க்கா.”

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நடத்துனர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

“என்னடி பேசற?” என்றார் மூத்தவர்.

“அப்பார்ட்மென்ட் அம்மாங்க குரூப்புல வாரம் ஒரு படப் புத்தகம் பத்தி எழுதுவேன்ல? போன வாரம் யானைக் கதை. சின்னப் பொண்ணு பழம் குடுப்பா, யானை சிரிக்கும்.”

“சரி.”

“நேத்து எங்கண்ணன் வீட்டுல இருந்தோம். விடியக்காலைல ராகிக் கொல்லையில யானை எறங்கிடுச்சு. எல்லாரும் கத்தறாங்க, தகரம் தட்டறாங்க. பாத்தா எம்பொண்ணைக் காணோம்.”

“ஐயோ!”

“கையில வாழைப்பழத்தோட வரப்பு மேல நடந்து போறாக்கா. யானை இவளையே பாத்துட்டு நிக்குது. அண்ணன்தான் ஓடிப்போய் அள்ளிட்டு வந்தாரு. இவ என்னடான்னா, ‘விடு மாமா, அது இன்னும் சிரிக்கவே இல்ல’ன்னு அழுவறா.”

மூத்தவர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“குரூப்புல சொன்னியா?”

“நடந்ததை அப்படியே எழுதினேன். தயவுசெஞ்சு இதை வாங்காதீங்கன்னு போட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

அவள் கைபேசியைத் திறந்து நீட்டினாள். மூத்தவர் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார்:

“‘சோ க்யூட்! போட்டோ எடுத்தீங்களா?’”