தம்பி படிக்கிறான்

கோப்பி ஆறுவதற்குள் குடியுங்கள், செபஸ்தியன் ஐயா. சுக்கும் மல்லியும் போட்டது. இன்ஸ்பெக்டர் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு நேரத்துக்கு ஒரு வாய் கோப்பி கிடைப்பதும் கஷ்டம் என்று எனக்குத் தெரியும், என் சித்தப்பாவும் பொலிசில் இருந்தவர்தான். நீங்கள் கேட்பதற்கெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்றே ஒன்று, கொஞ்சம் மெல்லக் கதையுங்கள். அடுத்த பக்கம் தம்பி படிக்கிறான்.

தம்பி என்றால் என் ஒரே மகன் தியாகராசா. மெடிக்கல் கொலிஜ் என்ட்ரன்ஸ் சோதனைக்கு இந்த முறையோடு மூன்று தரம் முயன்றுவிட்டான். முதல் இரண்டும் தவறியது அவனுடைய பிழை இல்லை. முதல் முறை, சோதனை நெருங்கும் நேரம் பார்த்து யாழ்ப்பாணத்தில் என் மாமியார் கண்ணை மூடினார். மெயில் ரயிலேறிப் போனோம். செத்த வீடு, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று எல்லாம் முடித்து வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தபோது சோதனையும் முடிந்திருந்தது. அடுத்த வருசம் என் கணவரின் தமையனார். அவரும் அதே மாதத்தைத்தான் தெரிந்தெடுத்தார். நான் ஒருவரையும் குறை சொல்லவில்லை. ஆனாலும் என் கணவருடைய பக்கத்து ஆட்களுக்குச் சாவதற்கு வருசத்தில் வேறு மாதம் கிடைப்பதே இல்லை.

என் கணவர் சிவபாதசுந்தரத்தை நீங்கள் பிரேத அறையில்தான் கண்டிருப்பீர்கள். முன்னமே கண்டிருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும். பென்சன் எடுத்த கிளாக்கர், அதிகம் பேசாத மனிதர். இந்த வீட்டில் அவருடைய அறைக்கும் தம்பி படிக்கிற மண்டபத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். தம்பி சத்தம் போட்டுத்தான் படிக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். மனதுக்குள் படிக்கிறவன் நித்திரை கொள்கிறானா படிக்கிறானா என்று யாருக்குத் தெரியும்? அவர் அந்தப் பக்கம் சாய்மனைக் கதிரையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். தம்பியின் சத்தம் நின்றால், ஊன்றி நடக்கிற பொல்லால் பலகையில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. கடற்கரை ரயில் போகும்போது இவன் வாயை மூடுவான், ரயில் போனதும் தட்டு விழும். வாயால் 'படி' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாம் பொல்லுதான்.

என் பங்குக்கு நான் தினமும் வல்லாரைச் சம்பல் அரைத்தேன். ஞாபகசக்திக்கு அதைவிட வேறில்லை.

சோதனைக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, தம்பி தவளையின் இருதயத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தான். இவருடைய அறையில் கோப்பை விழுந்த சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கதிரைக்குக் கீழே கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, இடது கையும் காலும் துணி மாதிரிக் கிடந்தன. பாரிசவாதம் என்று உடனே விளங்கியது, என் தகப்பனும் அதில்தான் போனார். ஒருவாறு தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். கட்டில் பலகைச் சுவரோடு ஒட்டியது. பழக்கதோசத்தில் பொல்லையும் அவருடைய வலது கைப்பக்கம் வைத்தேன். அவருடைய காரியம் இதோடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

டொக்டரைக் கூப்பிடவில்லையா என்று நீங்கள் கேட்பது நியாயம். நானும் யோசித்தேன். டொக்டர் வந்தால் ஆஸ்பத்திரி என்பார். ஆஸ்பத்திரி என்றால் ஊருக்குத் தந்தி அடிக்க வேண்டும். தந்தி போனால் இவருடைய தங்கச்சி, மச்சாள் சரோஜினிதேவி வருத்தம் பார்க்க வருவார், அவர் தனியே வருகிற ஆள் இல்லை. அடுத்த நாள் விடிய அரைவாசிக் கோப்பாய் ஊரே இந்த மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும். வெற்றிலை, அழுகை, காணிக் கதை. இவர் போய்விட்டால் கொள்ளி வைக்க ஒரே பிள்ளை தம்பி. மொட்டை அடித்து, துடக்கு வீட்டில் முப்பத்தொரு நாள் குந்தியிருப்பான். தவளையின் இருதயம் அதுவரைக்கும் அவன் தலையில் நிற்குமா? அதுவும் தவிர, எங்கள் வீட்டுக்கே ஒரு டொக்டர் வரப்போகிற நேரத்தில் வெளி டொக்டருக்கு என்ன தேவை?

ஆகவே கதவைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தம்பியிடம் சொன்னேன், "அப்பா உன்ரை சோதினைக்கு நேர்த்தி வைச்சிருக்கிறார். அது முடியுமட்டும் மவுன விரதம். சாப்பாடும் இல்லை, ஒருத்தரும் உள்ளுக்குப் போகக் கூடாது."

"தண்ணியும் குடிக்கமாட்டாரோ அம்மா?"

"நீ படி."

பக்கத்து வீட்டுப் பேர்ணடெற் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், வேதக்காரி. வேலிக்கு மேலால் விசாரித்தாள், "என்ன பத்மாவதியக்கா, அண்ணரைக் காணேல்லை?" நான் விரதத்தைச் சொன்னேன். அவள் நெஞ்சில் கை வைத்துவிட்டாள். "எங்கடை ஆக்கள் தபசு காலத்திலையும் இப்பிடி இருக்கிறேல்லை. பிள்ளைக்காக ஒரு தகப்பன் இப்பிடியும் இருப்பாரோ?" அன்று பின்னேரமே ஒழுங்கை முழுக்கக் கதை பரவியது. யார் யாரோ வந்து கேற்றடியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உண்மையைச் சொன்னால், கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் அவரை நினைத்து நான் பெருமைப்பட்டது அந்தக் கிழமைதான்.

அந்தக் கிழமை தம்பியும் நன்றாகப் படித்தான். பிறகு பலகையில் தட்டுவது நின்றது. நின்றதும் தம்பியின் குரல் தளர்ந்துவிட்டது. தட்டு இல்லாமல் அவனுக்குப் படிப்பு ஓடாது. அப்போதுதான் நான் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். பொல்லை எடுத்து நானே இரண்டு தட்டுத் தட்டினேன். இவன் உடனே நிமிர்ந்து இருந்து இரத்த ஓட்டத்தைத் தொடங்கினான்.

ஆனால் கொழும்பு வெக்கை உங்களுக்குத் தெரியும்தானே. மீன் சந்தைக்கு ஐஸ் ஏற்றுகிற ஜாபிரைப் பிடித்தேன். அவன் வண்டிலில் இருந்தபடியே கேட்டான், "என்னம்மா, மரக்கறி திங்கிற வூட்டுக்கு இவ்வளவு ஐஸு? மீன் யாவாரமா?" நேர்த்தி என்றேன். சாமி காரியம் என்றால் அவன் மறுகேள்வி கேட்கமாட்டான், நல்ல பிள்ளை. ஐஸும் போதவில்லை. சாம்பிராணியும் போதவில்லை.

வேறு வழியில்லாமல் தம்பியிடமே கேட்டேன். "தம்பி, செத்த தவளையைக் கெடாமல் வைச்சிருக்கிறது என்னெண்டு?"

ஐயா, அந்தப் பிள்ளை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஒப்புவித்தான். போர்மலின் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எங்கே ஊசி போடுவது, எதில் ஊறவைப்பது, எல்லாம். இரண்டு வருசமாக அவன் வாயில் நிற்காத பாடம் அது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "தவளை கொஞ்சம் பெரிசெண்டால்?" என்று கேட்டேன். அதற்கும் கணக்குச் சொன்னான். மருந்துக் கடையில் போத்தல்களை வாங்கி வந்ததும் அவன்தான். எதற்கு என்று கேட்கவில்லை. புத்தகத்தில் இல்லாத கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்காதே என்று சின்ன வயதிலிருந்தே பழக்கி வைத்திருக்கிறேன்.

சோதனைக்குப் போகிற அன்று காலை அவன் அடம் பிடித்தான். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிடாமல் போகமாட்டானாம். நியாயமான ஆசை. அவரைக் கழுத்துவரை போர்த்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, காலை மட்டும் கட்டில் விளிம்புக்கு இழுத்து வைத்தேன். யன்னலையும் சாத்திவிட்டுக் கூப்பிட்டேன். விழுந்து கும்பிட்டான். இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, "சரியாக் குளிருது அம்மா" என்றான். "விரதம்" என்றேன். "அப்ப சரி" என்றுவிட்டுப் போனான்.

செத்த காலைக் கையால் பிடித்தும் தெரியாத பிள்ளை டொக்டராகப் போகிறான். அந்த இடத்திலேயே எனக்கு றிசல்ட் விளங்கியிருக்க வேண்டும். தாய் மனசு, விளங்கவில்லை.

கடைசிப் பேப்பர் முடிந்து வந்தவன் சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னான், "தவளை வரேல்லை அம்மா. மண்புழுதான் வந்தது. வாற வருசம் பாப்பம்."

சரி, இனித் தந்தி அடிக்கலாம் என்று எழும்பினேன். மரணச் சான்றிதழுக்குத் தெஹிவளையிலிருந்து டொக்டரை அழைத்து வந்தோம். அவர் அறை வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மெடிக்கல் கொலிஜில் முதல் வருசம் முழுக்க இந்த மணத்துக்குள்ளேதான் இருந்தனான்" என்றார். பாஸ் பண்ணின ஆள் அல்லவா, கண்டுபிடித்துவிட்டார். அவர்தான் உங்களுக்கு ஆள் அனுப்பியது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. என் பிள்ளையும் ஒருநாள் அப்படி வாசலில் நின்றே சொல்ல வேண்டும்.

பின்னால் ஒப்பாரி வைக்கிறது தந்தி கண்டு வந்த மச்சாள்தான். தம்பி காதில் பஞ்சு வைத்துப் படிக்கிறான்.

என்ன தேதி போடுவது என்று கேட்கிறீர்கள். அதைத்தான் நானும் உங்களிடம் கேட்கவேண்டும் என்று இருந்தேன். இரண்டு நாள் இருக்கிறது. ஒன்று நான் கதவைப் பூட்டின நாள். மற்றது, தட்டுவது நின்ற நாள். பின்னதை எழுதினால் வருகிற வருசம் ஆட்டைத் திவசம் சரியாகச் சோதனைக்குள்ளே விழும், பஞ்சாங்கம் பார்த்துவிட்டேன். பூட்டின நாளையே எழுதிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

ஓம் ஐயா. அந்த முதல் நாட்களில் தட்டினது நான் இல்லை. நான் உள்ளே போகவே இல்லை. போனால் மனசு இளகும் என்று எனக்குத் தெரியும்.

உங்களுடைய முகம் ஏன் அப்படிப் போகிறது? நீங்கள் நினைக்கிற மாதிரி அவர் உதவி கேட்டுத் தட்டவில்லை. இருபத்திரண்டு வருசம் அவரோடு குடும்பம் நடத்தினவள் நான், அவருடைய தட்டு எனக்குத் தெரியாதா? ஒருநாள் தம்பியே புத்தகத்தை வைத்துவிட்டு வந்து கேட்டான், "அம்மா, நான் வாய் மூடேல்லையே, பிறகேன் அப்பா தட்டிக்கொண்டே இருக்கிறார்?"

"இன்னும் பலமாப் படிக்கட்டாம்" என்றேன்.

பலமாகப் படித்தான். முன்பெல்லாம் இவன் படிப்பை நிறுத்தினால்தான் அவர் தட்டுவார். அந்த நாட்களில் இவன் தொண்டை கிழியப் படித்துக்கொண்டிருக்கும்போதும் தட்டினார். அவ்வளவு அக்கறை, ஐயா, அந்த மனிதருக்குப் பிள்ளையின் படிப்பில்.