இருபத்து மூன்றாவது வரி

போன ஞாயிறு சைக்கிள் சங்க அறையில் ஐந்து பேர் இருந்தோம். மேசையின் ஒரு முனையில், ஜன்னலுக்கு முதுகு காட்டித் தலைவர். பல் டாக்டர், எந்த நாற்காலியிலும் சாய்ந்து உட்காரத் தெரியாதவர். அவருக்கு வலப்புறம், கீழ்த்தளத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மெக்கானிக். இடப்புறம், இறந்துபோன அச்சகக்காரரின் மனைவி. கதவோரம் ஸ்டூலில் டீச்சர். அவரை யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. மேசையருகே ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. மேசையின் மறுமுனையில் கூட்டக் குறிப்பேட்டோடு செயலாளரான நான். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும்.

பேச வேண்டியது ஒன்றுதான். அச்சகக்காரர் சைக்கிளோடு விழுந்து இறந்த அன்று, போகும் பாதையை வரி வரியாகச் சொன்ன வழித்தாளின் அடியில் டீச்சரின் கையெழுத்து இருக்கிறது. தவறு அவருடையது என்று சங்கம் போலீசுக்கு எழுதித் தருவதா, வேண்டாமா. தந்தால் அவர் வேலை போகும், வழக்கும் வரும். முடிவை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதற்குள் எழுத்தில் தரலாம் என்றார் தலைவர். அதனால் எழுதுகிறேன்.

பதினோரு வருஷமாக நம் சங்கத்துக்கு வழித்தாள் எழுதுகிறவன் நான். லாரியும் பஸ்ஸும் வராத சாலைகளாகத் தேடித் தேடிச் சேர்த்தேன். சுண்ணாம்புப் பாறை மேட்டில் பெய்யும் மழை நிற்பதில்லை, பாறை உறிஞ்சிக்கொண்டுவிடும். தண்ணீர் இல்லாததால் ஊர் இல்லை, ஊர் இல்லாததால் வண்டி இல்லை. முப்பது கிலோமீட்டர் போனாலும் செயின் ஓடுகிற சத்தமும் நம் மூச்சும்தான். பிறகு மேடு வெட்டிவிட்டாற்போல் முடிந்து, சாலை ஆற்று இடுக்குக்குள் இறங்கும். அடியில் ஆறு பச்சையாகத் தெரியும், சத்தம் மேலே எட்டாது. அந்த இடத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். புரியாதவர்களுக்கு எத்தனை பக்கம் எழுதினாலும் புரியாது.

வழித்தாளுக்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். நான் பென்சிலில் வரிக்கு வரி எண் போட்டு எழுதுவேன். இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டு தனியே ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கும் வரிக்கு டிக் போட்டுத் திருப்பித் தருவார். நான் நல்ல தாளில் பெயர்த்து எழுதிய பின், அவர் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு பென்சில் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம். இப்போது அந்த வேலை டீச்சருடையது, அவர் வீடு ஊருக்கு வெளியே. இரண்டு தடவை அலைய முடியாது என்று வெற்றுத்தாளின் அடியிலேயே முன்கூட்டிப் போட்டுத் தந்துவிடுவார். "நீங்க எழுதினா ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது, நான் பாத்து என்னண்ணா ஆகப்போகுது" என்பார். விதிப்படி தப்பு. மூன்று வருஷமாக நானும் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

அச்சகக்காரர் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. எதிலும் முந்திக்கொண்டு போவதால் மெக்கானிக் அவருக்கு முந்திரி என்று பெயர் வைத்தார். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். நல்ல மனிதர். யார் ட்யூப் வெடித்தாலும் முதலில் இறங்கி உட்காருகிறவர் அவர்தான். அவரைப் பிடிக்காமல் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் வழித்தாள்களையெல்லாம் படத்தோடு புத்தகமாகப் போடப்போவதாகக் கோடையில் சொன்னார். வாரம் நாற்பது பேரைச் சைக்கிளோடு மேட்டில் கொண்டுபோய் இறக்கிவிட ஒரு பஸ் கம்பெனியிடமும் பேசியிருந்தார். அந்தச் சாலை அவ்வளவு பேரைத் தாங்காது என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னார்: "ரோட்ட பீரோல வெச்சுப் பூட்டிக்கப் போறீங்களா செகரட்டரி சார்? சாவிய எங்க சொருகுவீங்க, இடுப்புலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைய குறிப்பில் 'சிரிப்பு' என்று எழுதியிருக்கிறேன், பார்க்கலாம்.

விபத்து நடந்த புதிய பாதையை அதற்கு முன் நானும் டீச்சரும் மட்டும்தான் ஓட்டிப் பார்த்திருந்தோம். இறக்கத்தில் ஒன்பது வளைவு. எட்டாவதைத் தாண்டியதும் பாறையைக் குடைந்த ஒரு குகைப்பாதை. மேட்டில் உறிஞ்சின தண்ணீர் வருஷம் பூராவும் அதன் கூரையிலிருந்து கசிகிறது. தரை சோப்புப் பூசினாற்போல் இருக்கும். வெளியே வந்த கையோடு சாலை இடப்பக்கம் மடங்கும். மடங்கும் இடத்தில் பத்தடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. என் பென்சில் தாளில் இருபத்து மூன்றாவது வரி இது: 'குகைப்பாதைக்கு முன் இறங்கவும். வெளியே வரும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவும்.' டீச்சர் டிக் போட்டு, ஓரத்தில் 'ரொம்ப வழுக்கல்' என்றும் எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை மதியம் நல்ல தாளில் எழுத உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வரை எழுதினேன். அடுத்து இருபத்து நான்காவதை எழுதினேன். எண் தாவினால் யாராவது கேட்பார்கள் என்று அதற்கு இருபத்து மூன்று என்று போட்டேன். பின்னால் வந்த பதினோரு வரிகளுக்கும் அப்படியே ஒவ்வொன்று குறைத்தேன். பொய்யாக ஒரு சொல் நான் எழுதவில்லை.

யாராவது விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டால் போதும், புத்தகப் பேச்சு தானாக அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். யாராவது என்று எழுதிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். இறக்கத்தில் முதல் ஆளாக யார் போவார் என்று எனக்குத் தெரியும். சுவர் இல்லாத பத்தடியும் தெரியும். டீச்சருக்கு விடைத்தாள் திருத்துகிற வாரம், அவர் வர முடியாது என்று விசாரித்துக்கொண்டுதான் தேதியையும் குறித்தேன்.

அன்று எட்டுப் பேர் போனோம். நான் வழக்கம்போல் கடைசி. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அச்சகக்காரர் குகைக்குள் நுழைந்ததும், என் செயின் கழன்றுவிட்டது, எல்லாரும் நில்லுங்கள் என்று குரல் கொடுத்தேன். ஆறு பேரும் நின்றார்கள். மெக்கானிக் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். "செயின் ஒழுங்காத்தான சார் இருக்கு" என்றார். அப்போது பிரேக் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. செயினைப் பற்றி மெக்கானிக் அதற்கப்புறம் பேசவே இல்லை. அன்று எல்லாரையும் நிறுத்திக் காப்பாற்றியதற்காக, ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இனி ஞாயிறு நடந்தது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டதாக டீச்சர் சொன்னார். தலைவர் என்னைக் கேட்டார். அப்படி நினைவில்லை, அவர் சரிபார்த்துத் தந்ததைத்தான் பெயர்த்து எழுதினேன் என்றேன். டீச்சர் ஸ்டூலோடு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, எறங்கி நடக்கணும்னு எழுதியிருந்தீங்கல்ல? நான் நடந்தேனே."

"எழுதியிருந்தா விட்டிருப்பேனாம்மா?"

இந்தப் பதினோரு வருஷத்தில் நான் ஒரு வரி விட்டதாக யாருக்கும் நினைவில்லை, டீச்சருக்கும் இல்லை. "அப்ப வழுக்குதுன்னு நானாத்தான் எறங்கினேன் போல" என்றார்.

அச்சகக்காரரின் மனைவி அதுவரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். "பாத்துப் போங்கன்னு ஒரு வரி சேக்கச் சொல்ல உனக்கு வாய் வரலையாம்மா?" என்று கேட்டார். சத்தம் போடாமல், வழி கேட்கிற மாதிரிதான் கேட்டார். அதை நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. துக்கத்தில் இருக்கிறவர் பேசியதை எழுதிவைப்பது மரியாதை இல்லை.

செய்யாத தப்புக்கு ஒரு பெண் வேலையை இழப்பதை என் மனசு ஒப்பவில்லை. ஆகவே தெளிவாகவே எழுதுகிறேன். அந்த வரியை விட்டவன் நான். தெரிந்தே விட்டேன். அச்சகக்காரர் சாகக்கூடும் என்பதும் எழுதும்போதே தெரியும். டீச்சர் கையெழுத்துப் போட்டபோது அந்தத் தாளில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அவர் டிக் போட்ட பென்சில் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். வேறு பிரதி கிடையாது.

தலைவரின் கிளினிக் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட விஷயத்தைக் கையில் கொண்டுபோய்த் திணிப்பது முறையாகாது. சங்க முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன். இன்றே போட்டால் புதன்கிழமை வந்துவிடும். சங்கத்துக்கு வரும் கடிதங்களைப் பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, கூட்டத்தில் வைக்கத் தகுந்ததை மட்டும் எடுத்துவைப்பது செயலாளர் பொறுப்பு. இதையும் அப்படித்தான் பிரிப்பேன். எழுதியவன் முகத்தைப் பார்க்காமல், மற்றக் கடிதங்களைப் போலவே நிதானமாகப் படித்து முடிவு செய்வேன்.

உறையை ஒட்டிவிட்டுத் தெருமுனைப் பெட்டிவரை போய்வருகிறேன். என் பங்குக்கு ஒன்றையும் நான் மறைக்கவில்லை.