கழுதை என்கிற கைத்துப்பாக்கி

என் பெயர் வெர்னா ஸ்டாம்பர். வயது ஐம்பத்தொன்பது. கணவர் பெயர் ஓடெல் ஸ்டாம்பர். கென்டக்கி மாநிலம், டாக்கெட் கவுண்டி, ஸ்லேட் கிரீக் சாலையின் கடைசி வீட்டில் வசித்து வருகிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் துணை ஷெரீஃப் கர்ட்டிஸ் நேப்பியர் சிறு வயதில் என் பேருந்தில் வந்தவர்தான். அதற்காக அவர் எனக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை, ஒரு காபிகூடக் கொடுக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே வந்திருக்கிறேன். கோழித் தீவனம் வாங்கப் போவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் முந்தாநாள் இதே அறையில் கொடுத்த வாக்குமூலம் பொய். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் மகள் கேலாவின் கணவன் ட்ராவிஸ் பிரெவர், சென்ற இலையுதிர் காலத்தில் அடகுக் கடையில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினான். உடல் முழுக்கப் பிளாஸ்டிக், குழல் மட்டும் இரும்பு, கடையிலேயே மிக மலிவானது. மேற்படி துப்பாக்கியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். எங்கள் பக்கத்தில் யார் புதிதாகத் துப்பாக்கி வாங்கினாலும் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரளை மேட்டுக்கு எடுத்துப் போய், ஆளுக்கு ஒரு முறை சுட்டுப் பார்த்து, வாங்கினவன் முகத்துக்கு நேரே கருத்துச் சொல்வது வழக்கம். வாங்கினவன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் என் கணவர் சுட்டார். சுட்டுவிட்டுக் கையை உதறினார். "இது ட்ரிக்கர் இல்ல மாப்ள, கெணத்துல வாளி இழுக்கற மாதிரி இருக்கு" என்றார். அதன் பிறகு என் தம்பி எஸ்டெல் சுட்டான். "நான் இழுத்து முடிக்கறதுக்குள்ள திருடன் உள்ள வந்து, காபி போட்டுக் குடிச்சுட்டு, கப்பையும் கழுவி வச்சுட்டுப் போயிருப்பான்" என்றான். கேலா இரண்டு விரலைப் போட்டு இழுத்தாள். அதன் பிறகு எஸ்டெல்தான் அதற்குக் கழுதை என்று பெயர் வைத்தான். அடித்து இழுத்தால்தான் நகரும் என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது கழுதைதான், எனவே இனி நானும் மேற்படி கழுதை என்றே சொல்கிறேன்.

நானும் ஐந்து குண்டு சுட்டேன். நான்கு தகரக் குவளைகள் விழுந்தன. என் கருத்தையும் அன்றே சொன்னேன். ட்ரிக்கர் விசை கனமாக இருப்பது குறையில்லை என்றேன். பேருந்து நிறைய அடுத்தவர் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவள் நான், கால் பட்டாலே பாயும் வண்டி எனக்கு வேண்டாம், கை பட்டாலே வெடிக்கும் துப்பாக்கியும் வேண்டாம் என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ட்ராவிஸின் முகம் சுருங்கிப்போனது. அவனுக்குக் கேலி பிடிக்காது.

அதன் பிறகு அவன் தபாலில் ஒரு மெல்லிய ஸ்பிரிங் வரவழைத்தான். அதைப் போட்டால் விசை பாதியாக லேசாகிவிடுமாம். எங்கள் சாலையில் இருக்கும் எல்லோருடைய துப்பாக்கியையும் பிரித்துப் பழுது பார்ப்பது என் கணவர்தான். சமையலறை மேசையில் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். மேற்படி கழுதையையும் அப்படிப் பிரித்தார். நான் அடுப்பில் பன்றி எலும்பு போட்டுப் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தேன். 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் கணவர் மேசைக்கு அடியில் மண்டியிட்டிருந்தார்.

"என்ன தேடறீங்க?" என்றேன்.

"பேனா" என்றார்.

முப்பத்தாறு வருடமாக அந்த மனிதர் பேனா பிடித்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு பழைய ஸ்பிரிங்கையே உள்ளே போட்டு, துடைத்து, மூடினார். அன்று சாப்பிடும்போது சோள ரொட்டியைப் பீன்ஸில் தொட்டு வாயில் போட்டேன், பல்லில் ஏதோ கடிபட்டது. எடுத்துப் பார்த்தால் மேற்படி புது ஸ்பிரிங். அவர் ரேடியோவில் பந்தாட்ட வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. நான் அதைக் கழுவிப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தேன். என்றாவது ஒரு நாள் எல்லோரும் இருக்கும்போது எடுத்து அவர் மானத்தை வாங்கலாம் என்பதைத் தவிர வேறு நோக்கம் எதுவும் எனக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு ட்ராவிஸ் வந்தான். "மாத்தியாச்சு மாப்ள" என்று என் கணவர் கூசாமல் எடுத்துக் கொடுத்தார். அவன் சுட்டான். "வெண்ணெய் மாமா, வெண்ணெய்! சும்மா வழுக்கிட்டுப் போகுது!" என்றான். எஸ்டெல்லும் வாங்கிச் சுட்டான். "இப்பதான்டா இது துப்பாக்கி" என்றான். என் கணவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு நானும் வாங்கிச் சுட்டேன். அதே கழுதை, ஒரு இம்மி மாறவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் கோழிக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். அதுதான் மேற்படி துப்பாக்கியை வைத்து நான் கடைசியாகச் சிரித்தது.

சென்ற சனிக்கிழமை காலை கேலா எனக்குப் போன் செய்து, "அம்மா, கிளம்பறேன், நீ வா" என்றாள். ட்ராவிஸ் வண்டிச் சாவியை ஒளித்து வைப்பது, போனைப் பிடுங்கி வைப்பது என்று ஒரு வருடம் பொறுத்தவள் அவள். நான் உடனே போனேன். அவள் துணிகளையும் பூனைக் கூண்டையும் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் துணிக்கூடையை வைத்துக்கொண்டிருந்தேன். ட்ராவிஸ் வாசல் படியில் வந்து நின்றான். கையில் கழுதை இருந்தது. "நீ எங்கயும் போகல" என்றான். கேலா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள், பூனை கத்தியதால் பக்கத்து இருக்கையில் இருந்த கூண்டைச் சரி செய்யக் குனிந்தாள். அப்போது வெடித்தது. முன் கண்ணாடியில் ஓட்டை விழுந்து, இருக்கையில் தலை சாயும் இடம் கிழிந்து பஞ்சு வெளியே வந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். விரல் எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொல்லவும் மாட்டேன். அதன் பிறகு அவன் "ஐயோ அத்தை, தானா வெடிச்சிடுச்சு" என்றான். நான் கேலாவை என் வண்டியில் தள்ளி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பூனையையும் விடவில்லை.

ட்ராவிஸை அன்றே துப்பாக்கியோடு பிடித்து வந்து இங்கே அடைத்தார்கள். அவன், விரல் சும்மா பட்டதாகவும், மாமா ஸ்பிரிங்கை அவ்வளவு லேசாக்கி வைத்ததுதான் காரணம் என்றும் சொல்லியிருக்கிறான். அதன் பிறகு என் கணவரை அழைத்துக் கேட்டபோது, ஸ்பிரிங்கை மாற்றியது தான்தான், தவறு தன்னுடையது என்று அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அன்று வீட்டில் அவரிடம் கேட்டேன்.

"ஏங்க, நீங்க மாத்தவே இல்லையே. ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"மாத்தினேன்."

"பொய்."

"இந்த ரோட்டுல எல்லாரும் எங்கிட்டதான் துப்பாக்கி கொண்டுவராங்க வெர்னா. ஸ்பிரிங்கத் தொலைச்சுட்டு ஏமாத்தினவன்னு பேரு வாங்கறதுக்கு, உள்ள போயி உக்காந்துட்டு வரேன்" என்றார்.

"அப்ப கேலா?"

"அவன் தெரிஞ்சு சுட்டிருப்பான்னு நான் நெனக்கல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நினைக்க அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான், ஆனால் நான் நினைத்துவிட்டேன். விபத்து என்று எழுதிவிட்டால் நாளை மறுநாள் நீதிபதி ட்ராவிஸை வீட்டுக்கு அனுப்பிவிடுவார், துப்பாக்கியும் அவன் கைக்குப் போகும், என் மகள் மறுபடியும் ஒரு கார் கதவைத் திறக்க வேண்டியிருக்கும்.

மேற்படி புது ஸ்பிரிங்கைப் பொத்தான் டப்பாவோடு துணை ஷெரீஃபிடம் ஒப்படைத்தேன். பொத்தான்களைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு ஆயுத அறை அதிகாரி கழுதையைக் கொண்டுவந்து, காலியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டிவிட்டு, விசையில் தராசுக் கொக்கியை மாட்டி இழுத்தார். பன்னிரண்டு பவுண்டு காட்டியது, ஒரு நல்ல வான்கோழியின் எடை. நம்பாமல் மறுபடி இழுத்தார், அதே எடை. அதன் பிறகு துணை ஷெரீஃப் தன் விரலாலும் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். கையை உதறினார்.

துணை ஷெரீஃப் கேட்டது: "ஆனா வெர்னாம்மா, அவன் லேசா இருக்குன்னுதானே நம்பிக்கிட்டு இருந்தான்?"

நான் சொன்னது: "நம்பினான், தம்பி. லேசுன்னு நம்பறவன் தெரியாம பட்டா எப்படிப் படும்? லேசாத்தானே படும்? லேசாப் பட்டா அது வெடிக்காது. இப்ப நீயே இழுத்துப் பார்த்தியே."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் கணவர் ஸ்பிரிங்கைத் தொலைத்த வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். சரி, இருக்கட்டும். அவர் கோபம் ஒரு மாதம் இருக்கும், அப்புறம் அவருக்கே மகள் முகம் தெரியும். மற்றபடி இதில் இருப்பது எல்லாம் நான் கண்டது, கேட்டது, பல்லில் கடிபட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை, மிரட்டினாலும் நடக்காது. கடைசியாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன், சேர்த்துக்கொண்டார்கள்: அந்தத் துப்பாக்கி தானாக வெடித்தது என்று ட்ராவிஸ் சொல்கிறான்; வாங்கின நாளிலிருந்து அதைப் பற்றி அவன் உட்பட நாங்கள் அத்தனை பேரும் சொன்ன ஒரே குறை, அது தானாக ஒன்றுமே செய்யாது என்பதுதான்.

(ஒப்பம்) வெர்னா ஸ்டாம்பர்
என் முன்னிலையில்: கர்ட்டிஸ் நேப்பியர், துணை ஷெரீஃப்