சுவரோர மண்

மேட்டு வீட்டில் காற்று நன்றாக வரும். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். மழைக்காலம் தொடங்குமுன் கீழே இருந்த சுரங்கக் குடியிருப்பிலிருந்து அங்கே குடி மாறினோம். நீங்கள் சுற்றிச் சுற்றி அதையே கேட்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தச் சுரங்கத்தை முன்பு நடத்தியவர்கள் செம்பை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சேறாக ஒரு பெரிய மண்சுவருக்குப் பின்னால் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். காந்தம் செய்யத் தேவையான அரிய உலோகங்கள் அந்தச் சேற்றில்தான் கிடந்தன. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியில்கூட அதில் ஒரு துணுக்கு இருக்கும். கண் இருந்தும் குருடர்கள். அவர்கள் குப்பையை உலோகமாக்கிக் காட்ட என்னைப் போல ஓர் ஆள் வரவேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் சேற்றைச் சுவரின் மேலிருந்துதான் கொட்டினார்கள். கனமான மணல் விழுந்த இடத்திலேயே தங்கிவிடும், லேசான வண்டல் நடுவுக்கு ஓடிவிடும். ஆக, சத்தெல்லாம் சுவரோரத்தில். நடுவில் கிடந்தது சக்கை. சுவரோரம் கை வைக்கக் கூடாது என்று விதி. விதி எழுதியவர்கள் ஒருநாளும் அந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன். தண்ணீரைப் பீய்ச்சி, கரைத்து, உறிஞ்ச ஆரம்பித்தேன்.

சுவரைக் கவனிக்கும் வேலை என் தங்கையின் கணவருக்கு. நான் வாங்கிக் கொடுத்த வேலை. சுவருக்குள் ஆழமாக இறக்கிய குழாய்களில், கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டை விட்டுக் காது கொடுத்துக் கேட்பார். ‘டொக்’ என்றால் சுவர் காய்ந்திருக்கிறது. ‘ளொளக்’ என்றால் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. கயிறு எவ்வளவு இறங்கியது என்றும் அளக்க வேண்டும். அவர் அளக்க மாட்டார். காதே போதுமாம்.

“மச்சான், சுவத்த ஒட்டிப் பீச்சுறீங்க. மழை வேற வரப்போகுது. சத்தம் மாறுச்சுன்னா அன்னிக்கே வேலைய நிறுத்திடுவேன், கோவிச்சுக்காதீங்க” என்றார்.

“தாராளமா நிறுத்துங்க மாப்பிள்ளை” என்றேன்.

அடுத்த விடுமுறை நாளில் குழாய்களுக்குள் சிமெண்ட் கலவையை ஊற்றி அடியை அடைத்தேன். சின்ன வேலைதான், சட்டைகூடக் கறைபடவில்லை. அப்புறம் மழை கொட்டியது. நாங்களும் பீய்ச்சினோம். குழாய்கள் டொக் டொக்கென்றே இருந்தன.

“சுவரு கல்லு மாதிரி நிக்குது மச்சான். நான்தான் வீணா பயந்துட்டேன்” என்று சிரித்தார்.

கயிற்றை ஒருமுறை முழம் போட்டுப் பார்த்திருந்தால் குழாய் குட்டையாகிவிட்டது தெரிந்திருக்கும். சோம்பேறித்தனத்துக்கு நான் பொறுப்பாக முடியாது.

மத்தியான நேரத்தில் சுவர் சரிந்தது. கீழே இருந்த குடியிருப்பு மொத்தமும் போனது. அவர், என் தங்கை, பிள்ளைகள் எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள் என்கிறார்கள். தங்கைக்காக வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டைத் தோண்டியவர்கள் அந்த மண்ணை லாரியில் ஏற்றி எங்கோ பள்ளத்தில் கொட்டுகிறார்களாம். அத்தனையும் சுவரோர மண். அதையும் குப்பை என்றுதான் நினைக்கிறார்கள். இவர்களைத் திருத்தவே முடியாது.

வீடு மாறிய அன்று பாத்திரங்களைக் கட்டிக்கொண்டே என் மனைவி கேட்டாள்: “மேல ரெண்டு ரூம் சும்மாதானே கிடக்கு. உங்க தங்கச்சியையும் கூட்டிட்டுப் போயிடலாமாங்க?”

வேண்டாம் என்றேன். நாங்கள் மட்டும் போனால் காற்றுக்காகப் போகிறார்கள் என்பார்கள். சுவரைக் கவனிக்கிறவரும் பின்னாலேயே மூட்டை கட்டினால், அன்று சாயங்காலமே குடியிருப்பு காலியாகிவிடும். மறுநாள் யார் வேலைக்கு வருவார்கள்? அதற்காகத்தான் வேண்டாம் என்றேன்.

மற்றபடி, சுவர் விழும் என்று எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்.